சி பிளாக்கைப் போய்ப் பாருங்கள்!

கோவைக்கு மேற்கே, ஜன்னலைத் திறந்தால் மருதமலை தெரிகிற ஒரு முதியோர் குடியிருப்பில் நானும் மனைவியும் நாலு வருஷமாக இருக்கிறோம் என்று போன மாதம் ஏதோ ஒரு பதிலில் போகிற போக்கில் எழுதிவிட்டேன். அதற்கப்புறம் வந்த கடிதங்களில் சினிமா இல்லை, அரசியல் இல்லை, எல்லாம் இதுவே. பாதிப் பேர் ‘பெயரைப் போட்டுவிடாதீர்கள், மருமகள் படிப்பாள்’ என்று அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறார்கள். மீதிப் பேர் மருமகள்கள். ஆகவே இந்த முறை யாருக்கும் பெயர் இல்லை, ஊர் மட்டும்.

? முதியோர் இல்லம் என்று சொல்லாமல் ‘சீனியர் லிவிங்’ என்கிறீர்களே, இங்கிலீஷில் சொன்னால் வலிக்காதா? (திருவாரூர்)

வலி குறைவு, பில் அதிகம். விளையாட்டில்லை, இரண்டும் வேறு வேறு. சாவித்திரி வைத்தி அம்மையார் 1978-ல் சென்னையில் தொடங்கிய ‘விச்ராந்தி’ போக்கிடம் இல்லாத முதியவர்களுக்கானது. 2007-ல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமும், மாவட்டத்துக்கு ஒன்றாவது, ஒவ்வொன்றிலும் 150 ஏழை முதியோராவது தங்கும்படி அரசு இல்லங்கள் அமைக்கலாம் என்கிறது. நாங்கள் இருப்பது அந்த வகை இல்லை. பென்ஷனும் எஃப்.டி. வட்டியும் உள்ளவர்கள் காசு கொடுத்துச் செய்துகொண்ட ஏற்பாடு. இல்லங்களில் இருப்பவர்களுக்குக் காட்ட வேண்டிய அனுதாபத்தில் எங்களுக்கும் ஒரு பங்கு அனுப்பிவைக்கிறார்கள் உறவினர்கள். அதை அப்படியே திருப்பி அனுப்பிவிடுகிறோம். காட்ட வேண்டிய இடம் அங்கே இருக்கிறது.

? ஏ பிளாக், பி பிளாக், சி பிளாக் என்று எழுதியிருந்தீர்கள். பள்ளிக்கூட செக்‌ஷன் மாதிரி இருக்கிறதே? (நாமக்கல்)

செக்‌ஷன்தான். ஒரே வித்தியாசம், இங்கே யாரும் சி-யிலிருந்து ஏ-க்கு வர டியூஷன் எடுப்பதில்லை.

ஏ பிளாக் என்பது தனித்தனி வீடுகள். சமைத்துக்கொள்ளலாம், மெஸ்ஸிலும் சாப்பிடலாம். பெருக்கித் துடைக்க ஆள் வரும். பி பிளாக்கில் ஆளுக்கு ஒரு அறை. குளிக்க, உடுத்த, மாத்திரை எடுத்துக்கொள்ள, நடக்க ஒரு கை கொடுப்பார்கள். சி பிளாக்கில் நர்ஸ், ஆக்சிஜன், ஏர் பெட், மூக்கில் டியூப். ஒரே மதில் சுவருக்குள் மூன்றும் இருந்தால்தான் இந்த ஏற்பாட்டுக்கு அர்த்தம். ஏ மட்டும் கட்டிவிட்டு ‘பக்கத்திலேயே பெரிய ஆஸ்பத்திரி’ என்று விளம்பரம் செய்பவர்கள் விற்பது வெறும் வீடு.

யார் எந்த செக்‌ஷன் என்பதற்கு மார்க் முறை உண்டு. சிட்னி காட்ஸ் என்ற அமெரிக்க டாக்டர் 1963-ல் ஆறே ஆறு காரியங்களை எடுத்துக்கொண்டார்: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போய்வருவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, எடுத்துச் சாப்பிடுவது. முதியோர் பராமரிப்பில் இன்றைக்கும் இதுதான் அளவுகோல். குழந்தையாக இருந்தபோது ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டவை, வயதான பிறகு ஏறக்குறைய தலைகீழ் வரிசையில் கைவிட்டுப் போகின்றன என்பது அவர் கவனித்தது. முதலில் போவது குளியல். கடைசி வரை நிற்பது சாப்பாடு. எங்கள் மெஸ் வாசலில் பகல் பன்னிரண்டரைக்கு வந்து நின்றால் காட்ஸ் சொன்னது உடனே விளங்கும்.

? சாப்பாடு எப்படி? (தஞ்சாவூர்)

சாம்பார் தஞ்சாவூர் முறையா, கோயம்புத்தூர் முறையா என்ற வழக்கு நாலு வருஷமாக நிலுவையில் இருக்கிறது. காவிரி வழக்கிலேயே 2018-ல் தீர்ப்பு வந்துவிட்டது.

? எல்லோரும் ஏன் கோயம்புத்தூருக்கே போகிறீர்கள்? சென்னையில் இடமில்லையா? (வேளச்சேரி, சென்னை)

இடம் இருக்கிறது, காற்று இல்லை. இங்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று, சிறுவாணித் தண்ணீர், தெருவுக்குத் தெரு ஆஸ்பத்திரி. வடவள்ளி, தொண்டாமுத்தூர்ப் பக்கமெல்லாம் தென்னந்தோப்புகள் இப்படிக் குடியிருப்புகளாக மாறியதற்கு இன்னொரு காரணமும் உண்டு: விமான நிலையம். சிங்கப்பூரிலிருந்தும் ஷார்ஜாவிலிருந்தும் பிள்ளைகள் நேராக வந்து இறங்கலாம். இறங்குகிறார்களா என்று அடுத்த கடிதம் போடாதீர்கள்.

? விலைக்கு வாங்குவதா, டெபாசிட் கட்டுவதா, வாடகையா? எது லாபம்? (மதுரை)

லாபம் என்ற சொல்லை வாசலிலேயே செருப்போடு விட்டுவிட்டு உள்ளே வாருங்கள்.

விலைக்கு வாங்கினால் பத்திரம் உங்கள் பெயரில். ஆனால் உங்களுக்குப் பிறகு நாற்பது வயது மகன் அதில் குடியேற முடியாது. 55, 60 என்று குறைந்தபட்ச வயது வைத்திருப்பார்கள். அவன் விற்கலாம், வாடகைக்கு விடலாம், அதுவும் நரைத்த தலைக்கு மட்டும். வாங்குகிறவர் கூட்டம் சிறிது, ஆகவே விலையும் ஊர் விலை மாதிரி ஏறாது. டெபாசிட் முறையில் பெரிய தொகையைக் கட்டிவிட்டுக் குடியிருப்பீர்கள், விலகும்போது கழிவு போக மீதி வரும். எவ்வளவு கழிவு, எத்தனை நாளில் வரும் என்று பாருங்கள். ‘அடுத்த குடியிருப்பாளர் வந்த பிறகு’ என்று ஒரு வரி இருந்தால், அந்த அடுத்தவர் இன்னும் ரிட்டயரே ஆகாமல் இருக்கலாம்.

கட்டிக்கொண்டிருக்கிற திட்டம் என்றால் ரெரா பதிவு எண்ணைக் கேளுங்கள். 2016-ல் வந்த அந்தச் சட்டப்படி, வாங்குபவர்கள் கட்டும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைத்து அந்தத் திட்டத்துக்கே செலவழிக்க வேண்டும். நல்ல சட்டம். ஆனால் ரெரா செங்கல்லுக்குத்தான் காவல். ராத்திரி இரண்டு மணிக்கு நர்ஸ் வருவாளா என்பது அதன் வேலை இல்லை. 2019-ல் மத்திய வீட்டுவசதி அமைச்சகம் ஓய்வுக்கால இல்லங்களுக்கென்றே மாதிரி வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. வழிகாட்டிதான், சட்டமாகவில்லை. கைகாட்டி மரம் யாரையும் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்க்காது.

வீட்டு விலை ஒரு தடவைதான். நம்மைத் தின்பது மாதக் கட்டணம். வருஷத்துக்குப் பத்து சதவீதம் ஏறினால் ஏழு வருஷத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. என் பில்லில் அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு. வருமானவரிச் சட்டத்தில் பதிவுபெற்ற அறக்கட்டளை நடத்தும் முதியோர் இல்லம் என்றால், 60 வயது கடந்தவர்களுக்கு மாதம் 25,000 ரூபாய் வரை அந்த வரி கிடையாது. தாஜ்மஹால் மாதிரி வாசல் வைத்திருக்கும் இடங்களில் இந்தச் சலுகையைக் கேட்டுப் பார்க்காதீர்கள், சிரிப்பார்கள்.

? போர் அடிக்காதா? (ஈரோடு)

அதற்கு நேரமில்லை. குடியிருப்போர் சங்கத்துக்கு ஓட்டு 140, கோஷ்டி ஆறு.

அது போக நவம்பர் திருவிழா இருக்கிறது. பென்ஷன்காரர்கள் உயிரோடு இருக்கிறோம் என்று நிரூபிக்கிற மாதம். 2014-ல் ஜீவன் பிரமாண் வந்ததிலிருந்து கைரேகை வைத்தால் போதும், ஆபீஸுக்கு அலைய வேண்டாம். எழுபத்தைந்து வருஷம் பாத்திரமும் பேனாவும் தேய்த்த விரலில் ரேகை எங்கே இருக்கிறது? இப்போது முகத்தைக் காட்டினாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். ‘கண்ணைச் சிமிட்டுங்கள்’ என்கிறது செல்போன். போன நவம்பரில் எங்கள் ஹாலில் முப்பது பேர் வரிசையில் உட்கார்ந்து சர்க்காரைப் பார்த்துக் கண்ணடித்தோம்.

? அடுத்த மாதம் இரண்டு இடங்களைப் பார்க்கக் கோவை வருகிறோம். எதைப் பார்க்க வேண்டும்? (திண்டுக்கல்)

முதலில் காட்டுவது மாடல் வீடு. அப்புறம் நீச்சல் குளம். எங்கள் குளத்தில் நாலு வருஷத்தில் நீந்தியது ஒரு தவளை. அப்புறம் கோயில், லைப்ரரி, ‘ஆக்டிவிட்டி ரூம்’. எல்லாவற்றையும் பார்த்துத் தலையாட்டிவிட்டு, ‘சி பிளாக்கைக் காட்டுங்கள்’ என்று சொல்லுங்கள். கூட வருகிற பெண்ணின் முகம் மாறும். ‘அது எதுக்குங்க சார் இப்போ, நீங்க நல்லாத்தானே இருக்கீங்க’ என்பாள். அங்கேயே நின்றுவிடுங்கள்.

சொல்லிவிட்டுப் போகாமல், சாயந்திரம் நாலு மணிக்குப் போவது நல்லது. மத்தியானத் தூக்கம் முடிந்து டயப்பர் மாற்றுகிற நேரம் அது. மூக்கு சொல்லும் சேதியை எந்த வண்ணப் புத்தகமும் மறைக்க முடியாது. பினாயில் வாடை தூக்கலாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள், உங்களுக்காகத் தெளித்திருப்பார்கள். படுத்திருப்பவர்களின் கை நகங்களைப் பாருங்கள். யாராவது பெல் அடித்தால் வாட்சைப் பாருங்கள். படுக்கைப்புண் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று நர்ஸிடம் கேளுங்கள். ‘யாருக்குமே இல்லை’ என்று சட்டென்று சொன்னால் இன்னும் ஒரு தடவை கேளுங்கள்.

ராத்திரி ஷிஃப்டில் எத்தனை படுக்கைக்கு எத்தனை பேர்? டாக்டர் இங்கேயே தங்குகிறாரா, போனில் வாழ்கிறாரா? ஆம்புலன்ஸ் இருக்கிறது சரி, டிரைவர் எங்கே தூங்குகிறார்? சக்கர நாற்காலி பாத்ரூம் கதவில் நுழைகிறதா என்று நீங்களே தள்ளிப் பாருங்கள்; 90 சென்டிமீட்டர் அகலம் இல்லாத கதவு வாலிபர்களுக்காக வைத்தது. கடைசியாக ஒன்று. வேலை செய்கிற ஆயாவிடம், ‘எத்தனை வருஷமா இங்க இருக்கீங்கம்மா?’ என்று கேளுங்கள். ஆட்கள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாறுகிற இடத்தில், உங்களுக்கு எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் வலிக்கும் என்பது யாருக்கும் தெரிந்திருக்காது.

? அங்கே வேலை செய்பவர்கள் நம்ம ஊர் ஆட்களா? (தர்மபுரி)

உங்கள் ஊர்ப் பெண்கள் நாலு பேர் நர்ஸாக இருக்கிறார்கள். உதவிக்கு இருப்பவர்கள் பெரும்பாலும் ஜார்க்கண்ட், ஒடிசா. ஆறே மாதத்தில் ‘ஏனுங் பாட்டி, சாப்ட்டீங்களா’ என்று அசல் கொங்குத் தமிழில் கேட்கிறார்கள். எங்கள் பெரியவர் ஒருவர் 1965-ல் இந்தி எதிர்ப்பு ஊர்வலத்தில் போய் அடி வாங்கியவர். எண்பது வயதில், ராத்திரித் தாகத்துக்கு ‘பானி’ என்கிறார். அறுபது வருஷம் மத்திய அரசால் ஆகாதது, இருபத்திரண்டு வயசுப் பெண்ணால் ஆகியிருக்கிறது. அவள் அவரிடம் தமிழில்தான் பதில் சொல்கிறாள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கணக்கு நேராகிவிடும்.

? அம்மாவை அங்கே சேர்த்தால் ஊர் என்ன சொல்லும்? (சேலம்)

ஊர் வந்து டயப்பர் மாற்றுமா?

கோபமாகச் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள். உங்கள் கடிதத்தில் இரண்டு பக்கம் ஊர் இருக்கிறது, அண்ணன் இருக்கிறார், அண்ணி இருக்கிறார், சித்தப்பா இருக்கிறார். அம்மா என்ன சொன்னார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. முதலில் அதைக் கேளுங்கள். ஐம்பத்தாறு வயதில் முட்டிவலியோடு எண்பத்தி இரண்டு வயது அம்மாவைத் தூக்குகிற உங்கள் இடுப்பையும் ஒரு வார்த்தை கேளுங்கள். அம்மா ‘வேண்டாம்’ என்றால், வீட்டிலேயே ஆள் வைத்துக்கொள்ளுங்கள். செலவில் பெரிய வித்தியாசம் இருக்காது. ‘சரி’ என்றால், வாரம் ஒருமுறை நீங்கள் போய்த் தலைவாரிவிடுவது நிற்கக்கூடாது. பாதிப் பேர் முதல் மாதம் வாராவாரம் வருகிறார்கள், ஆறாவது மாதம் ஜிபே அனுப்புகிறார்கள்.

? கணவன் ஒரு பிளாக், மனைவி ஒரு பிளாக் என்று பிரிந்து இருக்க நேருமாமே? (கும்பகோணம்)

நேரும். எனக்கு நேர்ந்தது.

போன வருஷம் தை மாதம் பாத்ரூமில் கால் வழுக்கி இவளுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் நன்றாக முடிந்தது. ‘ஆறு வாரம் பி பிளாக்கில் இருக்கட்டும், நடை பழகியதும் வீட்டுக்கு வந்துவிடலாம்’ என்றார்கள். ஆறு வாரம் முடிந்த அன்று ஆபீஸில் ஒரு கூட்டம். மேனேஜர், நர்ஸ், பிசியோதெரபிப் பெண், வீடியோவில் சிங்கப்பூரிலிருந்து மகள். அம்மா இனி அங்கேயே இருப்பதுதான் நல்லது என்று நால்வரும் சொன்னார்கள். அம்மா அந்தக் கூட்டத்தில் இல்லை. கதவுக்கு வெளியே வராந்தாவில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எதிர்த்துப் பேசலாமென்று ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். பதினேழாம் பக்கத்தில், பிரிவு மாற்றம் பற்றி நிர்வாகத்தின் முடிவே இறுதியானது என்று இருந்தது. அதற்குக் கீழே என் கையெழுத்து, அழகாக, தேதியோடு. முப்பத்தாறு வருஷம் ரயில்வே அக்கவுண்ட்ஸில் அடுத்தவன் காகிதத்தில் தப்புக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவன் நான்.

முடிவு தப்பு என்று சொல்லமாட்டேன். ராத்திரியில் அவளைத் தூக்கி உட்காரவைக்க என்னால் ஆகாது, எனக்கு எழுபத்தாறு. ஆனால் அவளைக் கேட்டிருக்கலாம். நான் போய்க் கேட்டபோது, ‘இருக்கேன். ஆனா ஜன்னல் மலையைப் பார்த்து இருக்கணும், அதை மட்டும் சொல்லிடுங்க’ என்றாள். அவர்கள் கொடுத்திருந்தது ஜெனரேட்டர் ஷெட்டைப் பார்த்த அறை. மாற்றி வாங்க இரண்டு மாதம் நடந்தேன்.

இப்போது இரண்டு பில். ஏ பிளாக் வீட்டுக்கு முழுக் கட்டணம், ஒருத்தர் சாப்பாட்டுக் காசு மட்டும் கழிவு. பி பிளாக் அறைக்குத் தனி. காலை ஆறு மணிக்கு ஃபிளாஸ்க்கில் காபி எடுத்துக்கொண்டு போகிறேன். நாற்பத்தெட்டு வருஷத் தாம்பத்தியத்தில் காபி போடக் கற்றுக்கொண்டது இப்போதுதான். ‘இன்னிக்கு டிகாக்‌ஷன் பரவாயில்லை’ என்பதுதான் இதுவரை வாங்கிய உயர்ந்தபட்ச விருது.

நீங்கள் கையெழுத்துப் போடுமுன் கேட்க வேண்டியவை: பிரிவு மாற்றத்தை யார் முடிவு செய்வது, குடியிருப்பவரையும் கேட்பார்களா, வேறு டாக்டரின் கருத்தைக் கொண்டுவரலாமா, தம்பதியில் ஒருவர் மாறினால் மற்றவர் பில் எவ்வளவு குறையும், தேறிவிட்டால் திரும்பிவர வழி உண்டா. ஐந்துக்கும் வாயால் வருகிற பதில் வேண்டாம், எழுத்தில் வேண்டும்.

? நியூஜெர்சியில் இருக்கும் மகன், ‘இதெல்லாம் அமெரிக்காவில் எப்போதோ வந்துவிட்டது’ என்கிறான். உண்மையா? (ஸ்ரீரங்கம்)

உண்மை. அங்கே இதற்கு ‘கன்டினியூயிங் கேர்’ குடியிருப்பு என்று பெயர். ‘கேர்’ என்ற சொல்லைக் கேட்டாலே கிழவர்கள் ஓடுகிறார்கள் என்று 2015-ல் ‘லைஃப் பிளான்’ குடியிருப்பு என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள். ஆக, பெயரில் வலியைக் குறைப்பது உலக வழக்கம்தான், திருவாரூர்க்காரர் கவனிக்க.

இங்கே ஏ, பி, சி கட்டடத்துக்கு. அங்கே ஒப்பந்தத்துக்கு. ஏ வகையில் நுழைவுக் கட்டணம் மிக அதிகம். ஆனால் பின்னால் நர்ஸ் பிரிவுக்கு மாறினாலும் மாதக் கட்டணம் பெரிதாக ஏறாது, இன்ஷூரன்ஸ் மாதிரி. பி வகையில் குறிப்பிட்ட அளவு கவனிப்பு உள்ளே அடங்கும், மிஞ்சினால் காசு. சி வகையில் எதற்கும் அப்போதைய விலை. நம் நாட்டில் விற்பது பெரும்பாலும் மூன்றாவது வகை. விளம்பரத்தில் ‘வாழ்நாள் முழுதும் கவனிப்பு’ என்று போட்டிருப்பார்கள். கவனிப்பு வாழ்நாள் முழுதும்தான், விலை அன்றன்றைக்கு.

மகன் அங்கே சொர்க்கம் என்று சொன்னால் ஒன்று கேளுங்கள். குளிப்பாட்டி உடுத்திவிடுகிற நீண்டகாலக் கவனிப்புக்கு அவர்கள் மெடிகேர் பணம் தராது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் படுத்து எழுந்தவருக்கு நர்சிங் இல்லத்தில் அதிகபட்சம் 100 நாள், அதிலும் முழுச் செலவு முதல் 20 நாளுக்குத்தான். நம்மூர் மெடிக்ளைமும் ஆஸ்பத்திரிப் படுக்கைக்குத்தான்; பி பிளாக் ஆயாவுக்கு ஒரு பைசா பெயராது.

? வீட்டை மகன் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக அங்கே வந்துவிடலாம் என்றிருக்கிறோம். (விருதுநகர்)

கையை எடுங்கள் பேனாவிலிருந்து! தான செட்டில்மென்ட் எழுதினால் நம் கதை செட்டில் ஆகிவிடும். உயில் எழுதுங்கள், நினைத்தால் நாளைக்கே மாற்றலாம். எழுதியே தீருவேன் என்றால், ‘எங்களைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும்’ என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேருங்கள். 2007-ம் வருஷச் சட்டத்தின் 23-ம் பிரிவுப்படி, அந்த நிபந்தனையை மீறினால் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். நிபந்தனை எழுதாத பத்திரத்தை ரத்து செய்ய மறுத்தது உச்ச நீதிமன்றம், 2022 டிசம்பரில். முதியவர்களுக்குச் சாதகமாகச் சட்டத்தைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது, 2025 ஜனவரியில். எந்தத் தீர்ப்பின் பக்கம் நம் வழக்கு விழும் என்று எழுபது வயதில் சோதித்துப் பார்க்க வேண்டாம். ஒரு வரி எழுத முத்திரைத் தாளில் இடமிருக்கும்.

? மறதிநோய் வந்துவிட்டால் வைத்துக்கொள்வார்களா? (நாகர்கோவில்)

ஒப்பந்தத்தில் ‘வெளியேற்றம்’ என்ற தலைப்பைத் தேடுங்கள். ‘பிற குடியிருப்பாளர்களுக்குத் தொந்தரவு’ என்ற சொற்கள் அங்கே இருந்தால், அது மறதிநோய்க்காரர்களை மனதில் வைத்து எழுதியது. ராத்திரி எழுந்து அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுபவர், தான் இன்னும் தபால் ஆபீஸில் வேலை பார்ப்பதாகக் காலையில் கிளம்புபவர், இவர்களுக்குத் தனிப் பிரிவும் பயிற்சி பெற்ற ஆட்களும் வேண்டும். பல இடங்களில் இருப்பது ஒரு பூட்டுதான்.

நெதர்லாந்தில் ஆம்ஸ்டர்டாமுக்குப் பக்கத்தில் ஹோகவேய்க் என்று ஒரு ஊரே இதற்காகக் கட்டினார்கள், 2009-ல். மளிகைக் கடை, உணவு விடுதி, தெரு, தோட்டம் எல்லாம் உள்ளே. மறந்துபோனவர்கள் தெருவில் நடக்கலாம், தொலைய முடியாது. கடைக்காரரே கவனிப்பாளர். நம் ஊரில் அதற்குப் பெரிய கட்டடம்கூட வேண்டாம். ஒரு டீக்கடை, ஒரு திண்ணை, தெரிந்த நாலு முகம் போதும். அதைத்தான் இடித்துவிட்டு மாடல் வீடு கட்டியிருக்கிறோம்.

? உங்கள் பதில்களெல்லாம் பணக்காரர்களுக்கே. எங்களைப் போன்றவர்களுக்கு எந்த பிளாக்? (செங்கல்பட்டு மாவட்டக் கிராமம் ஒன்று)

நியாயமான அடி, வாங்கிக்கொள்கிறேன். உங்களுக்கு மூன்று பிளாக்கும் ஒரே திண்ணை. மூன்றுக்கும் நர்ஸ் உங்கள் மருமகள்.

அரசு பக்கம் இருப்பதைச் சொல்கிறேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. படுத்த படுக்கையானவர்களுக்குப் பிசியோதெரபியும் வலி தணிக்கும் கவனிப்பும் உண்டு. கிராம சுகாதாரச் செவிலியரிடம் பெயர் கொடுங்கள். கிண்டியில் 200 படுக்கைகளோடு முதியோருக்கென்றே தேசிய மருத்துவ மையம் 2024-ல் திறந்திருக்கிறது. பிள்ளைகள் கவனிக்கவில்லை என்றால் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்து ஜீவனாம்சம் கேட்கலாம். 2007-ம் வருஷச் சட்டம் அதற்கு வைத்த உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். யாரைக் கேட்பதென்று தெரியாவிட்டால் 14567, கட்டணமில்லாத எண்.

இதெல்லாம் போதாது. ஜப்பானில் 2000-லேயே நீண்டகாலக் கவனிப்புக்கென்று கட்டாய இன்ஷூரன்ஸ் கொண்டுவந்தார்கள். நாற்பது வயதிலிருந்து எல்லோரும் கட்டுகிறார்கள். முடியாமல் போனவரை ஏழு படிகளில் ஒன்றில் வைத்து, படிக்கேற்ப உதவி. சிங்கப்பூரிலும் 2020 முதல் அப்படி ஒன்று ஓடுகிறது. ஆறு அன்றாடக் காரியங்களில் மூன்றைத் தானாகச் செய்ய முடியாதவருக்கு மாதாமாதம் பணம். என் மகள் அங்கே அதற்குக் கட்டுகிறாள். இங்கே மனைவிக்கு ஆறில் மூன்று போய்விட்டது, நான் கட்டுகிறேன்.

? கடைசிக் கட்டத்தில் ஐ.சி.யூ., வென்டிலேட்டர் எல்லாம் வேண்டாம் என்று இப்போதே சொல்லிவைக்க முடியுமா? (புதுச்சேரி)

முடியும். 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த உரிமையை ஒப்புக்கொண்டது. முதலில் மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்று வைத்திருந்தார்கள். சாவதே சுலபம் என்றாகிவிட்டது. 2023-ல் தளர்த்தி, இரண்டு சாட்சியோடு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்கள். ஒரு பிரதி பிள்ளைகளிடம், ஒரு பிரதி குடியிருப்பு ஆபீஸில். எங்கள் ஆபீஸில் என்னுடையது இருக்கிறது, கேஸ் சிலிண்டர் புத்தகத்துக்கு அடியில்.

? எங்களுக்கு 67, 63. இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம். எப்போது போகலாம்? (காரைக்குடி)

நன்றாக இருக்கும்போதுதான். ஏ பிளாக்கில் இருப்பவர்களுக்கே பி, சி பிளாக்கில் முதல் இடம் என்று வைத்திருக்கிற இடங்கள் உண்டு. வெளியிலிருந்து ஸ்ட்ரெச்சரில் நேராக வருபவருக்கு இடமும் சிரமம், விலையும் வேறு. அதைவிட முக்கியம், நடக்க முடிகிற காலத்தில் வந்தவர்களுக்குத்தான் சிநேகிதர்கள் கிடைக்கிறார்கள். இவள் பி பிளாக் போனபோது தினம் நாலு பேர் வந்து உட்கார்ந்து வம்பு பேசினார்கள். அவர்களோடு மூன்று வருஷம் சண்டை போட்டிருந்தாள்.

ஆனால் காரைக்குடி வீட்டை விற்காதீர்கள், பூட்டிச் சாவியை எடுத்து வாருங்கள். மூன்று மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். அதில் ஒரு மாதம் மழைக்காலமாக இருக்கட்டும். பதினேழாம் பக்கத்தைப் படியுங்கள்.

அடுத்த வாரத்துக்கான கேள்விகளைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதி அனுப்புங்கள். எனக்குக் கண்புரை ஆபரேஷன் இருபதாம் தேதிதான்.